சீசன் ரத்தானால் டிராஃப்டில் யார் முதலில் எடுப்பது? வரிசை போடும் முழுமையான வழிகாட்டி

சீசன் ரத்து என்று வட்ஸ்அப் குழுவில் போட்ட கொஞ்ச நேரத்திலேயே அந்தக் கேள்வி வந்துவிடும்: "அப்ப டிராஃப்டில யார் முதல்ல எடுக்கிறது?" மைதானத்துக்குக் கட்டிய காசு திரும்பக் கிடைக்குமா என்ற கேள்விகூட அதற்குப் பிறகுதான் வரும். வெள்ளவத்தையிலிருந்து மட்டக்குளி வரை, பழைய மாணவர் பட்ச் லீக், அலுவலக லீக், ஞாயிறு காலை சொஃப்ட்போல் லீக் என்று எதை எடுத்தாலும், டிராஃப்ட் வைத்து வீரர்களைப் பிரிக்கிற இடத்தில் இந்தப் பிரச்சினை என்றாவது ஒரு நாள் வந்தே தீரும்.

டிராஃப்ட் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. விளையாட வருகிற எல்லோருடைய பெயரும் ஒரே பட்டியலில் இருக்கும், அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராகத் தெரிவு செய்யும். போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு, சாம்பியனுக்குக் கடைசித் தெரிவு. பலவீனமான அணி நிமிர வேண்டும் என்பதுதான் நோக்கம். இது முழுக்கப் புள்ளிப் பட்டியலை நம்பி நிற்கிற முறை என்பதால், போட்டியே நடக்காத வருடத்தில் பட்டியலும் இல்லை, வரிசையும் இல்லை.

கொழும்பில் இருந்துகொண்டு இதை "எப்போதாவது நடக்கிற விஷயம்" என்று யாரும் சொல்ல முடியாது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எத்தனை லீக் நின்றது, 2020 மார்ச் 20 ஊரடங்கோடு எத்தனை நின்றது, 2022இல் பெட்ரோல் வரிசையில் நின்றவர்கள் மைதானத்துக்கு எப்படி வருவது என்று எத்தனை நின்றது என்பது இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். காசும் ஒளிபரப்பும் பின்னால் இருக்கிற லங்கா பிரீமியர் லீக் (எல்.பி.எல்.) கிரிக்கெட் தொடரே 2021இலும் 2022இலும் வருட நடுவிலிருந்து டிசம்பருக்குத் தள்ளிப்போனது, 2025 கடைசியில் நடக்கவிருந்ததும் உலகக் கிண்ணத்துக்கான தயார்படுத்தலுக்காகத் தள்ளிவைக்கப்பட்டது. நம்முடைய எட்டு அணி லீக் எம்மாத்திரம்?

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடக்காத சீசனுக்கு ஒரு பட்டியலைக் கற்பனை செய்யக் கூடாது. சீசனை இழந்தது எல்லா அணியும்தான், அதனால் குலுக்கலில் எல்லா அணியும் இருக்க வேண்டும். ஆனால் சமமாக இல்லை, கடந்த மூன்று வருடம் கஷ்டப்பட்ட அணிக்குக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்போடு. இதைப் பெரிய அளவில் ஒரு லீக் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது.

2005இல் என்.எச்.எல். என்ன செய்தது

வட அமெரிக்காவின் ஐஸ் ஹொக்கி லீக் அது. சம்பள உச்சவரம்பு தொடர்பாக உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையில் இழுபறி, கதவடைப்பு. 2005 பெப்ரவரி 16ஆம் திகதி முழு சீசனும் ரத்து என்று அறிவித்தார்கள். 30 அணிகள், 1,230 ஆட்டங்கள், ஒன்றுகூட நடக்கவில்லை. அந்த வருட டிராஃப்டுக்கு வரவிருந்தவர் சிட்னி கிரொஸ்பி. பதினேழு வயசுப் பையன், ஆனால் ஒரு அணியின் தலைவிதியையே மாற்றக்கூடியவர் என்று ஹொக்கி பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்டவர் யாருக்குப் போவது என்பதைத் தீர்மானிக்கப் பட்டியலே இல்லை.

அவர்கள் எடுத்த வழி இது. குலுக்கலில் ஒவ்வொரு அணிக்கும் மூன்று பந்து. கடந்த மூன்று சீசன்களில் பிளேஓஃப், அதாவது முன்னணி அணிகள் மட்டும் கிண்ணத்துக்காக மோதும் கடைசிக் கட்டம், போன ஒவ்வொரு முறைக்கும் ஒரு பந்து குறையும். கடந்த நான்கு டிராஃப்டில் முதல் தெரிவு கிடைத்திருந்தால் அதற்கும் ஒவ்வொன்று குறையும். எவ்வளவு குறைந்தாலும் ஒரு பந்து கட்டாயம் மிஞ்சும். கணக்குப் பார்த்தால் பஃபலோ, கொலம்பஸ், நியூயோர்க் ரேஞ்சர்ஸ், பிட்ஸ்பர்க் ஆகிய நான்கு அணிகளுக்கு மும்மூன்று, பத்து அணிகளுக்கு இவ்விரண்டு, மிச்சம் பதினாறுக்கு ஒவ்வொன்று, மொத்தம் 48 பந்து. மூன்று பந்து வைத்திருந்த அணிக்குக்கூட முதலிடம் கிடைக்க 6.25 சதவீத வாய்ப்புத்தான்.

2005 ஜூலை 22ஆம் திகதி குலுக்கினார்கள். முதலிடம் பிட்ஸ்பர்க். ஜூலை 30ஆம் திகதி ஒட்டாவாவில் ஒரு ஹோட்டலில், பார்வையாளர்கள் இல்லாமல் நடந்த டிராஃப்டில் கிரொஸ்பியை எடுத்தார்கள், 2009இல் கிண்ணத்தையும் வென்றார்கள். கடைசியாக நடந்த சீசனில், அதாவது 2003-04இல், எல்லோருக்கும் கீழே நின்ற அணியும் பிட்ஸ்பர்க்தான்.

இதில் இன்னும் கவனிக்க வேண்டியது மற்ற மூன்று "மூன்று பந்து" அணிகளுக்கு நடந்தது. கொலம்பஸுக்கு 6ஆம் இடம், பஃபலோவுக்கு 13, ரேஞ்சர்ஸுக்கு 16. மூன்று வருடமாகப் பிளேஓஃப் பக்கமே போகாத அணி பாதிக்குக் கீழே போய் விழுந்தது. ஒரே ஒரு பந்து வைத்திருந்த மொன்ட்ரியாலுக்கு 5ஆம் இடம் கிடைத்து, கேரி பிரைஸ் என்ற அருமையான கோல் காப்பாளரை எடுத்தது. 3ஆம் இடம் பெற்ற கரோலினா, டிராஃப்ட் முடிந்த அடுத்த சீசனிலேயே, 2006இல், கிண்ணத்தையே தூக்கியது. குலுக்கல் என்றால் இப்படித்தான் இருக்கும், அதைத் தாங்கிக்கொள்ளும் விதமாக மிச்ச விதிகளை அமைப்பதில்தான் வேலை இருக்கிறது.

சரி, நம் லீக்குக்கு வருவோம்.

படி 1: எந்த வகை ரத்து என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தள்ளிப்போனது வேறு, பாதியில் நின்றது வேறு, தொடங்கவே இல்லை என்பது வேறு. தள்ளிப்போனதென்றால் எதையும் தொடாதீர்கள், புதிய திகதி வரும்வரை பழைய வரிசையே இருக்கட்டும்.

பாதியில் நின்றதென்றால் ஒரு கோடு போட வேண்டும். நான் சொல்வது: ஒவ்வொரு அணியும் குறைந்தது பாதி ஆட்டங்களை ஆடி முடித்திருந்தால் அந்தப் பட்டியல் செல்லும், ஆனால் மொத்தப் புள்ளியை எடுக்காமல் ஒரு ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று பிரித்து எடுங்கள். ஏனென்றால் மழை எல்லா அணியையும் ஒரே அளவுக்குக் கெடுத்திருக்காது, ஒரு அணி ஆறு ஆட்டம் ஆடியிருக்கும், இன்னொன்று நாலுதான் ஆடியிருக்கும். 2020இல் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக் மார்ச் 11ஆம் திகதி வரை இருந்த வெற்றி தோல்விக் கணக்கை வைத்தே குலுக்கல் வாய்ப்புகளைப் பிரித்தது. அப்போது சீசனில் பெரும்பகுதி முடிந்திருந்ததால் அதை யாரும் பெரிதாகக் குறை சொல்ல முடியவில்லை. அதே வருடம் என்.எச்.எல். கொஞ்சம் சிக்கலாகப் போனது. ஜூன் 26ஆம் திகதி குலுக்கியபோது முதல் தெரிவு ஒரு பெயரில்லாத இடத்துக்குப் போய்விட்டது, அதாவது இன்னும் நடக்காத தகுதிச் சுற்றில் தோற்கப்போகும் எட்டு அணிகளில் ஒன்றுக்கு. ஓகஸ்ட் 10ஆம் திகதி அந்த எட்டுக்குள் மறுபடி குலுக்கி ரேஞ்சர்ஸுக்குக் கொடுத்தார்கள். 71 ஆட்டத்தில் 17 மட்டும் வென்று அடியில் கிடந்த டெட்ராயிட்டுக்குக் கிடைத்தது 4ஆம் இடம். விதிப்படி எல்லாம் சரிதான். ஆனால் ரசிகனுக்கு விளங்கப்படுத்தவே அரை மணி நேரம் வேண்டிய விதியை நம்மைப் போன்ற சின்ன லீக் வைக்கக் கூடாது.

பாதிக்கும் குறைவாக ஆடியிருந்தால், தொடங்கவே இல்லை என்ற கணக்கில் சேர்த்துவிடுங்கள். "நாங்க மூன்று மட்ச்சும் வென்றோமே" என்று ஒருவர் கட்டாயம் வருவார். மூன்று ஆட்டத்தை வைத்து யார் பலசாலி என்று சொல்ல முடியாது, எதிரணி யார் என்பதிலேயே பாதி முடிந்துவிடும்.

படி 2: தக்கவைப்பையும் மாற்றல்களையும் பூட்டுங்கள்

இதை வரிசைக்கு முன்னாலேயே செய்ய வேண்டும், பல குழுக்கள் பின்னால் வைத்துச் சிக்கிக்கொள்வதே இங்கேதான். ஒவ்வொரு அணியும் போன சீசன் வீரர்களில் இரண்டு அல்லது மூன்று பேரைத் தக்கவைக்கலாம் என்று விதி இருந்தால், அந்தப் பெயர்களைக் குலுக்கலுக்கு முன்பே எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் முதலிடம் கிடைத்தவர் ஒருவிதமாகவும் கடைசி இடம் கிடைத்தவர் இன்னொரு விதமாகவும் கணக்குப் போடுவார்கள், குலுக்கல் முடிந்த அன்றிரவே பேரம் தொடங்கிவிடும்.

ரத்தான சீசனுக்காகவே ஏற்கெனவே ஒரு டிராஃப்ட் நடந்திருந்து, அந்த அணிகள் ஒரு பந்துகூடப் போடாமல் கலைந்திருந்தால்? அப்போது புது வரிசையே தேவையில்லை. அந்த டிராஃப்ட் அப்படியே அடுத்த சீசனுக்குச் செல்லட்டும், வெளிநாடு போனவர்கள், விலகியவர்களின் இடத்துக்கு மட்டும் ஒரு சின்னத் தெரிவு வையுங்கள். இதைவிட நியாயமான தீர்வு எனக்குத் தெரிந்து இல்லை.

படி 3: முறையைத் தெரிவு செய்யுங்கள்

கூட்டத்தில் ஐந்தாறு யோசனை வரும். ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

"போன வருஷ வரிசையையே திரும்பப் போடுவம்." கேட்க இலகுவாக இருக்கும். ஆனால் போன வருடம் முதல் தெரிவு எடுத்த அணி, அந்த வீரரை ஒரு ஆட்டம் ஆடவிடாமலே மறுபடி முதல் தெரிவு எடுக்கும். ஒரே தோல்விக்கு இரண்டு தரம் நட்டஈடு.

"போன டிராஃப்டைத் தலைகீழாகப் போடுவம்." கடைசியாக எடுத்தவர் இப்போது முதலில். எல்லா அணியும் ஏறத்தாழ ஒரே பலத்தில் இருக்கிற நண்பர்கள் லீக்குக்கு இது நன்றாகவே பொருந்தும், கணக்கும் இல்லை, சண்டையும் இல்லை. ஆனால் கடைசியாக எடுத்தவர் சாம்பியன் என்றால், சாம்பியனுக்கே முதல் தெரிவு போகிறது. பலம் ஏறி இறங்கி இருக்கிற லீக்கில் வேண்டாம்.

"எல்லாருக்கும் ஒரே ஒரு துண்டு, திருவுளச்சீட்டு." இதற்கு ஆதரவு கூட. நேர்மையான முறைதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று வருடமாக அடிவாங்கிக்கொண்டே, ஆள் சேர்க்கக் கஷ்டப்பட்டு, ஆனாலும் பதிவுக் காசைத் தவறாமல் கட்டி வந்து நிற்கிற அணியையும், மூன்று தரம் கிண்ணம் தூக்கிய அணியையும் ஒரே தட்டில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. டிராஃப்ட் வைத்த நோக்கமே அங்கே மறந்துபோகிறது.

"ஏலம் வைப்பம்." எல்.பி.எல். 2023இல் டிராஃப்டை விட்டு ஏலத்துக்குப் போனது. ஏலத்தில் வரிசை என்ற பேச்சே இல்லை, எல்லா அணிக்கும் ஒரே தொகை, யார் எவருக்கு எவ்வளவு போடுகிறார்கள் என்பதுதான். உண்மைக் காசு வேண்டாம், ஆளுக்கு ஆயிரம் புள்ளி என்று வைத்தால் சின்ன லீக்கிலும் நடத்தலாம். ஒரே குறை, நேரம் பிடிக்கும், அதோடு கணக்கில் கெட்டிக்கார மனேஜர் இருக்கிற அணி எப்போதும் மேலே நிற்கும். ஒரு வருடத்துக்கு மட்டும் முறையை மாற்றுவதென்றால் எல்லோரும் புதிதாகப் பழக வேண்டும். ரத்தான வருடத்தில் ஏற்கெனவே மனம் சோர்ந்திருக்கிற ஆட்களிடம் அதைக் கேட்க வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் நான் வந்து நிற்பது எடை போட்ட குலுக்கலில்தான், என்.எச்.எல். செய்ததைச் சின்னதாக்கி.

படி 4: யாருக்கு எத்தனை துண்டு

எட்டு அணி லீக் என்று வைத்துக்கொள்வோம். அணிகளுக்குப் பெயர் வேண்டாம், க, ச, ட, த, ப, ம, ய, ர என்று இருக்கட்டும். விதி: ஆளுக்கு மூன்று துண்டு. கடைசியாக நடந்த மூன்று சீசனில் அரையிறுதிக்குப் போன ஒவ்வொரு முறைக்கும் ஒன்று குறையும். கடைசி மூன்று டிராஃப்டில் முதல் தெரிவு கிடைத்திருந்தால் அதற்கும் ஒன்று குறையும். குறைந்தது ஒன்று எல்லோருக்கும் உண்டு.

க, ச இரண்டும் மூன்று தரமும் அரையிறுதி. மூன்றில் மூன்று போனால் பூச்சியம், ஆனால் குறைந்தபட்ச விதிப்படி ஒவ்வொன்று. ட இரண்டு தரம் போனது, ஒன்று மிஞ்சும். த இரண்டு தரம் போனதோடு ஒரு முதல் தெரிவும் எடுத்தது, அதற்கும் குறைந்தபட்சமான ஒன்றுதான். ப ஒரே ஒரு தரம், ஆகவே இரண்டு. ம ஒரு தரம் அரையிறுதி, போன டிராஃப்டில் முதல் தெரிவு, ஆகவே ஒன்று. ய ஒரு தரம்கூடப் போகவில்லை, ஆனால் ஒருமுறை முதல் தெரிவு எடுத்தது, இரண்டு. ர அரையிறுதியும் காணவில்லை, முதல் தெரிவும் காணவில்லை, முழுசாக மூன்று.

மொத்தம் 12 துண்டு. ர முதலில் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ப, ய இரண்டுக்கும் ஆறில் ஒன்று. மிச்ச ஐந்துக்கும் பன்னிரண்டில் ஒன்று.

இந்த எண்களைக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். குறிப்பாக ர அணிக்கு: முதலிடம் கிடைக்காமல் போக நான்கில் மூன்று வாய்ப்பு இருக்கிறது என்று. மூன்று துண்டு என்றதும் முதலிடம் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு வருகிற ஆள்தான், குலுக்கல் முடிந்த பிறகு பொங்கி எழுவார்.

இங்கே என்.எச்.எல். முறையில் ஒரு மாற்றம் செய்வேன். அவர்கள் 30 இடத்தையும் குலுக்கினார்கள், அதனால்தான் ரேஞ்சர்ஸ் 16க்குப் போனது. எட்டு அணிக்கு முதல் நான்கு இடத்தை மட்டும் குலுக்குங்கள். 5 முதல் 8 வரை, மிஞ்சியவர்களைத் துண்டு எண்ணிக்கைப்படி, கூட இருப்பவர் முன்னால் என்று அடுக்குங்கள், சம எண்ணிக்கை என்றால் அவர்களுக்குள் மட்டும் மறுபடி குலுக்கல். இப்படிச் செய்தால் ர எவ்வளவு துரதிர்ஷ்டம் பிடித்திருந்தாலும் 5க்குக் கீழே போகாது, ப, ய இரண்டும் 8ஆவதாக வரவே முடியாது. குலுக்கலும் உண்டு, அடிநிலைப் பாதுகாப்பும் உண்டு.

படி 5: இடக்குமுடக்கான கணக்குகள்

விற்ற தெரிவு யார் கணக்கில் போவது? இதற்கு 2005 கணக்கே நல்ல பாடம். 2002இலும் 2003இலும் முதல் தெரிவுக்கான உரிமை விழுந்தது புளோரிடா அணிக்கு. 2002இல் அதைக் கொலம்பஸுக்கும் 2003இல் பிட்ஸ்பர்க்குக்கும் கைமாற்றிவிட்டது. ஆக முதல் வீரரை உண்மையில் எடுத்தவர்கள் கொலம்பஸும் பிட்ஸ்பர்க்கும். ஆனால் 2005இல் பந்து குறைந்தது புளோரிடாவுக்கு. மூன்று வருடமாகப் பிளேஓஃப் போகாத அணி, ஒரே பந்தோடு நின்றது. வாங்கியவர்கள் மூன்று பந்தோடு நின்றார்கள்.

முதலில் பார்க்கும்போது அநியாயம் போல இருக்கும். யோசித்தால், அதிர்ஷ்டம் விழுந்தது புளோரிடாவுக்கு, அதை விற்று வேறு வீரரையும் வேறு தெரிவையும் வாங்கிக்கொண்டார்கள். பிட்ஸ்பர்க் தன் கையிலிருந்ததைக் கொடுத்து வாங்கியது, சும்மா கிடைக்கவில்லை. எனக்கு என்.எச்.எல். தர்க்கம் சரியென்றே படுகிறது: துண்டு குறைவது லீக் யாருக்குக் கொடுத்ததோ அவருக்கு. நீங்கள் மாறாக முடிவு செய்தாலும் பரவாயில்லை, ஆனால் எழுதி வையுங்கள்.

மூன்று வருடம் முடியாத புது அணிக்கு, லீக்கின் சராசரித் துண்டு. மேலே உள்ள உதாரணத்தில் 12ஐ எட்டால் பிரித்தால் ஒன்றரை வரும், அதை இரண்டாக எடுங்கள், புதிதாக வருபவருக்குக் கொஞ்சம் கை கொடுப்பதில் தப்பில்லை. உரிமையாளரோ பெயரோ ஜேர்சியோ மாறினாலும் அணியின் பழைய கணக்கு தொடரும். பெயரை மாற்றித் துண்டைக் கூட்டிக்கொள்ள வழி வைக்கக் கூடாது. இரண்டு அணி ஒன்று சேர்ந்தால், இரண்டில் துண்டு குறைந்த அணியின் கணக்கு.

படி 6: பெயர்ப் பட்டியல் வெளிவர முன் வாக்கெடுப்பு

வரிசையில் இதை ஆறாவதாகச் சொன்னாலும் முக்கியத்தில் இதுதான் முதல். 2005இல் பெப்ரவரியில் சீசன் ரத்தானது, குலுக்கல் விதி முடிவாகி நடந்தது ஜூலையில். அத்தனை மாதமும் கிரொஸ்பி யார் என்று எல்லா அணிக்கும் தெரியும். பரிசு என்ன என்று தெரிந்த பிறகு விதி எழுதினால், ஒவ்வொருவரும் தனக்கு எது லாபம் என்று பார்த்துத்தான் வாக்குப் போடுவார்கள். அது மனித சுபாவம், குறை சொல்லிப் பயனில்லை.

உங்கள் லீக்கிலும் அப்படி ஒருவர் இருப்பார். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்திருக்கிற பழைய கல்லூரி அணித் தலைவரோ, இப்போதுதான் பதினெட்டு முடிந்த வேகப்பந்து வீச்சாளரோ. அவர் பதிவுப் படிவம் தரும் முன்பே விதி நிறைவேறியிருக்க வேண்டும். மிகச் சிறந்தது, சீசன் தொடங்கும் முன்பே யாப்பில் ஒரு பந்தியாக இதைச் சேர்த்துவிடுவது. இப்படி எழுதலாம்:

"எல்லா அணிகளும் தமக்குரிய ஆட்டங்களில் பாதியை ஆடி முடிக்கும் முன் சீசன் கைவிடப்பட்டால், அடுத்த டிராஃப்டின் முதல் நான்கு இடங்கள் எடை போட்ட திருவுளச்சீட்டு மூலம் தீர்மானிக்கப்படும். துண்டுகளின் எண்ணிக்கை கடைசியாக நடந்து முடிந்த மூன்று சீசன்களைக் கொண்டு கணக்கிடப்படும். இந்தப் பந்தியை நடப்புச் சீசனுக்குள் மாற்ற முடியாது."

கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள்.

படி 7: குலுக்கும் நாள்

1985இல் என்.பி.ஏ. முதன்முதலாகக் குலுக்கல் வைத்தது. ஏழு அணி, ஏழு உறை, தொலைக்காட்சியில் நேரடியாக. நியூயோர்க் நிக்ஸ் வென்று பட்ரிக் யூயிங்கை எடுத்தது. அந்த உறையின் மூலை மடங்கியிருந்தது, அடையாளம் தெரியத்தான் அப்படிச் செய்தார்கள் என்ற கதை இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. நிரூபித்தவர் யாருமில்லை, ஆனாலும் நாற்பது வருடமாக ஓடுகிறது. ஆகவே பொருட்களில் கவனம் வையுங்கள்.

ஒரே ஏ-4 தாளை ஒரே அளவில் வெட்டுங்கள். அணியின் பெயரை எழுத வேண்டாம், 1 முதல் 12 வரை இலக்கம் மட்டும். எந்த இலக்கம் யாருடையது என்று முதல் நாளே குழுவில் போட்டுவிடுங்கள்: ர 1, 2, 3, ப 4, 5, ய 6, 7, பிறகு க, ச, ட, த, ம வரிசையாக 8 முதல் 12. மார்க்கர் பேனை வேண்டாம், தாளின் மறுபக்கம் தெரியும், போல்பொயின்ற் போதும். எழுத்து உள்ளே போகும்படி இரண்டு மடிப்பு, எல்லாவற்றையும் ஒரே ஆளே மடிக்கட்டும், ஆளுக்கு ஆள் மடிப்பின் இறுக்கம் மாறும், விரலுக்கு அது தெரிந்துவிடும். வெளியே தெரியாத எவர்சில்வர் பாத்திரம் நல்லது. ஷொப்பிங் பையில் போட்டால் துண்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஒவ்வொரு துண்டையும் விரித்துக் காட்டி, இலக்கத்தை வாசித்து, மடித்து, உள்ளே போடுவதை எல்லா அணிப் பிரதிநிதியும் பார்க்க வேண்டும். எடுப்பவர் எந்த அணியிலும் இல்லாத நடுவராக இருக்கட்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுக்கட்டும். ஏற்கெனவே வந்த அணியின் இலக்கம் மறுபடி வந்தால் அதை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். நான்கு இடமும் முடிந்ததும், பாத்திரத்தில் மிஞ்சிய துண்டுகளையும் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டுங்கள். இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை, ஆனால் சந்தேகம் முழுசாகத் தீர்வது இந்த இடத்தில்தான். சூமில் நேரடியாகப் போடுங்கள், டொரொண்டோவிலும் லண்டனிலும் இருந்து ஜேர்சிக்குக் காசு அனுப்புகிற பட்ச்காரர்களும் பார்க்கட்டும். முடிவை ஒரு தாளில் எழுதி எட்டுப் பிரதிநிதிகளும் கையெழுத்து வையுங்கள்.

படி 8: சுற்றுகளைத் திருப்பிப் போடுங்கள்

முதல் சுற்று 1 முதல் 8 வரை, இரண்டாம் சுற்று 8 முதல் 1 வரை, மூன்றாவது மறுபடி 1 முதல் 8 வரை. பாம்பு மாதிரி வளைந்து போவதால் பாம்பு டிராஃப்ட் என்பார்கள். என்.எச்.எல். வழக்கமாக இப்படிச் செய்வதில்லை, 2005இல் மட்டும் இதையும் சேர்த்தது, ஏனென்றால் வரிசை திறமையால் வந்ததல்ல, குலுக்கலால் வந்தது.

நான்கு சுற்று என்று வைத்துப் பாருங்கள். திருப்பாமல் போட்டால் முதல் அணி எடுப்பது 1, 9, 17, 25ஆவது வீரர்களை, எட்டாவது அணி எடுப்பது 8, 16, 24, 32ஆவது வீரர்களை. கூட்டினால் 52க்கு 80. திருப்பிப் போட்டால் முதல் அணிக்கு 1, 16, 17, 32, எட்டாவது அணிக்கு 8, 9, 24, 25, இரண்டுமே 66. நடுவில் இருக்கிற ஆறு அணிகளுக்கும் அதே 66 வரும், வேண்டுமானால் கூட்டிப் பாருங்கள். இலக்கம் சமமென்பதற்காக வீரர்களின் மதிப்பும் சமமாகாது, ஒரு கிரொஸ்பி இருக்கிற வருடத்தில் 1ஆம் தெரிவுக்கு எதுவும் ஈடில்லை. ஆனாலும் எட்டாவதாக வந்தவர் 8ஐயும் 9ஐயும் அடுத்தடுத்து எடுக்கிறார், ஒரு துடுப்பாட்ட வீரரையும் ஒரு பந்துவீச்சாளரையும் சோடியாகத் திட்டமிட்டு எடுக்க முடியும், அது நல்ல ஆறுதல்.

சாதாரண வருடத்தில் பாம்பு வேண்டாம், அங்கே கடைசி அணிக்கு எல்லாச் சுற்றிலும் உதவி தேவை.

இரண்டாவது வருடமும் ரத்தானால்

2020, 2021 இரண்டையும் பார்த்த நாம் இதையும் எழுதி வைக்க வேண்டும். முதல் ரத்துக்குப் பிறகு வீரர்களை எடுத்து முடித்து, ஒரு ஆட்டமும் நடக்கவில்லையென்றால், படி 2இல் சொன்னபடி அதே டிராஃப்ட் செல்லும். கொஞ்ச ஆட்டம் நடந்து மறுபடி நின்றால், புதிதாகக் குலுக்குங்கள், ஆனால் போன குலுக்கலில் முதலிடம் பெற்ற அணிக்கு முதல் தெரிவுக் கழிவு பொருந்தும், ஒரு துண்டு குறையும். அரையிறுதிக் கணக்குக்கு ரத்தான வருடங்களைத் தாண்டிப் பின்னால் போய், உண்மையில் நடந்து முடிந்த மூன்று சீசனையே எடுங்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய சீசன்வரை போக வேண்டி வந்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள், அவ்வளவு பழைய அணியில் இருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது இந்த நாட்டிலேயே இருக்க மாட்டார்கள். அந்த நிலையில் ஆளுக்கு ஒரு துண்டு, எட்டு இடத்தையும் குலுக்கி, பாம்பு வரிசையில் எடுத்துவிட்டு விளையாடத் தொடங்குங்கள்.